எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுக்கலாமா? ஃபெடரல் சட்டம் என்ன சொல்கிறது?

பிளேனோவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் பணிபுரிகிறேன். மனைவி, எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் எப்போதோ கிடைத்துவிட்டது; ஆனால் இந்தியர்களுக்கான வரிசை நகராததால் கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை.

அடுத்த மாதம் எங்கள் அலுவலகக் குழுவினர் அனைவரும் ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குச் செல்வதாக ஏற்பாடாகியிருக்கிறது. எங்கள் மேலாளர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். துப்பாக்கிகளைத் தானே கொண்டுவருவதாகவும், நாங்கள் வந்து சுட்டுப் பார்த்தால் மட்டும் போதும் என்றும் அன்போடு அழைக்கிறார். குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் விசாவில் இருப்பவர்கள். சென்ற ஆண்டும் சிலர் போய்ச் சுட்டு, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் நேரவில்லை. டெக்சஸில் 2021 முதல் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடிகிறதே, அப்படியிருக்க ரேஞ்சுக்குள் நான்கு சுவர்களுக்கு நடுவே சுடுவதில் என்ன தவறு இருக்கப்போகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. என் அத்தை மகன் அமெரிக்கக் குடிமகன். வேலை மாறி டாலஸுக்கு வருகிறார். வீடு கிடைக்கும் வரை சில மாதங்கள் எங்களோடு தங்குவார். அவரிடம் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. படுக்கைக்கு அருகிலுள்ள மேசை இழுப்பறையில் வைப்பது அவர் வழக்கம். அவருடைய பொருள் எங்கள் வீட்டில் இருப்பதால் எங்களுக்குச் சட்டச் சிக்கல் வருமா?

மூன்றாவதாக, வேட்டை உரிமம் ஒன்றை வாங்கிவிட்டால் விசாவில் இருப்பவரும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இது வெறும் வதந்தியா, உண்மையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஹூஸ்டன் ராமநாதன் (பதில்)

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வழக்கறிஞர் அல்லேன். குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைத் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. தயவுசெய்து அந்த ரேஞ்சில் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

டெக்சஸ் என்ன அனுமதிக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. மாநிலச் சட்டம் ஒன்று, ஃபெடரல் எனப்படும் மத்திய அரசின் சட்டம் வேறொன்று; இரண்டும் ஒரே ஆளின் மீது ஒரே நேரத்தில் பாயக்கூடியவை. 2021இல் வந்த அந்த டெக்சஸ் சட்டமும்கூட, துப்பாக்கி வைத்திருக்க ஏற்கெனவே மாநிலச் சட்டமோ ஃபெடரல் சட்டமோ தடை விதித்திருக்கும் ஆட்களுக்குப் பொருந்தாது. இந்த இரட்டை ஆட்சியை விளங்கிக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி எதிர்ப்படும் ஓர் உதாரணம் போதும். கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் தம் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருந்தால், டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 46.04ஆம் பிரிவு அவரைத் தண்டிக்காது. ஆனால் அதே வீட்டில், அதே துப்பாக்கிக்காக, ஃபெடரல் அரசு அவர் மீது வழக்குத் தொடுக்கலாம், தொடுக்கவும் செய்கிறது. மாநிலம் மன்னித்ததை நம்பி இருந்தவர்கள் ஃபெடரல் நீதிமன்றத்தில் நிற்பதைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தமாக இருக்கும்.

உங்களைத் தொடுவது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் பகுதியில் 922ஆம் பிரிவு, அதன் 'ஜி' என்னும் உட்பிரிவு. கென்னடி 1963இலும், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் 1968இலும் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து நிறைவேறிய 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்தது இது. துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாத ஆட்களை இந்த உட்பிரிவு வகைப்படுத்துகிறது: ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், தலைமறைவாக இருப்பவர், போதைப்பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனையோ நீதிமன்றத் தடையாணையோ பெற்றவர் முதலியோர். இந்த வரிசையில் ஐந்தாவது வகையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், உரிய அனுமதியின்றி நாட்டில் தங்கியிருப்பவர். மற்றவர், குடியேற்ற நோக்கமற்ற விசாவில் அனுமதிக்கப்பட்டவர். மாணவர் விசா, சுற்றுலா விசா, எச்-1பி, எச்-4, எல்-1 எல்லாம் இந்த இரண்டாவதில் அடக்கம். 1997 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பார்வைத் தளத்தில் சுட்ட நிகழ்வின் பின்னணியில், 1998இல் சேர்க்கப்பட்ட பகுதி அது. ஆகவே வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பல்லாண்டுகளாக நேர்மையாக வாழும் எச்-1பி ஊழியரும் துப்பாக்கியைப் பொறுத்தவரை நேற்று விமானத்திலிருந்து இறங்கிய சுற்றுலாப் பயணியும் ஒரே தட்டில்தான் வைக்கப்படுகிறார்கள். ஐ-140 ஒப்புதல் கிடைத்ததாலோ, கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாலோ நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிடுவதில்லை.

இனி ரேஞ்சுக்கு வருகிறேன். சட்டம் தடுப்பது வாங்குவதை மட்டுமன்று, வைத்திருப்பதையும். எவ்வளவு நேரம் என்று எங்கும் வரையறுக்கவில்லை. சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மேலாளருடைய துப்பாக்கியை வாங்கிப் பிடித்து, குறி வைத்து, சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்கள் துப்பாக்கி உங்கள் வசம்தான் இருக்கிறது. இது ஏட்டளவிலான பயம் என்று நினைப்பவர்கள் ரெஹைஃப் வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். மாணவர் விசாவில் வந்த அந்த இளைஞர் மதிப்பெண் குறைந்ததால் ஃபுளோரிடாவில் தாம் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அதனால் விசா நிலையையும் இழந்தார். பிறகு ஒரு சுடும் தளத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளால் சுட்டார். யாரையும் மிரட்டவில்லை, எதையும் திருடவில்லை. 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 ஜூனில் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. துப்பாக்கி தம் வசம் இருந்தது மட்டுமல்லாமல், தாம் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்பதும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இதைப் படித்துவிட்டு "எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிவிடலாம்" என்று சிலர் கருதுகிறார்கள். அது பெரிய தவறான புரிதல். உங்கள் நிலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த நிலையில் துப்பாக்கி கூடாது என்ற சட்டம் தெரிந்திருந்ததா என்பதன்று. தாம் எச்-1பியில் இருப்பது எந்த எச்-1பி ஊழியருக்குத்தான் தெரியாது? கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கிறது, ஐ-797 என்னும் ஒப்புதல் அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருக்கிறது. ரெஹைஃபைக் காப்பாற்றிய வாதம் உங்களைக் காப்பாற்றாது.

தண்டனை அதிகபட்சம் 10 ஆண்டுகளாக இருந்தது. 2022 ஜூனில் நிறைவேறிய சட்டத்துக்குப் பின் 15 ஆண்டுகள். அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம். ஆனால் விசாவில் இருப்பவருக்குச் சிறையைவிடப் பெரிய இழப்பு வேறு. குடியேற்றச் சட்டம் மிகக் கடுமையான குற்றங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 922 ஜியின் ஐந்தாவது வகை அந்தப் பட்டியலில் எண்ணோடு குறிப்பிடப்பட்டிருக்கிறது. நீதிபதி இரக்கப்பட்டு ஒரு நாள்கூடச் சிறை விதிக்காமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டாலும், தண்டனைத் தீர்ப்பு தீர்ப்புதான். நாடு கடத்துவதற்கு அதுவே போதுமான காரணம். அதிலிருந்து விடுவிக்கும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். பின்னாளில் குடியுரிமை பெறுவதற்கும் நிரந்தரத் தடையாகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்பதைக் குற்றவியல் வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா வழக்கில் விதித்தது இத்தகைய விளைவுகளுக்காகத்தான்.

உங்கள் மேலாளரிடமும் நீங்கள் பேச வேண்டும். அவர் நல்ல மனத்தோடு அழைக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளப் போதிய காரணம் இருந்தோ ஒருவருக்குத் துப்பாக்கியைக் கொடுப்பதும் அதே 922ஆம் பிரிவின் வேறோர் உட்பிரிவின்படி குற்றம்; தண்டனையும் 15 ஆண்டுகள் வரை. உங்கள் விசா நீட்டிப்புத் தாள்களில் கையெழுத்திட்டவர் அவராகவே இருந்தால், உங்கள் நிலை தமக்குத் தெரியாது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

வேட்டை உரிமம் பற்றிய செய்தி வதந்தி அன்று, உண்மை. ஆனால் சுற்றிலும் நிபந்தனைகள் உள்ள உண்மை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆஸ்டின் செல்வம் (பதில்)

ராமநாதன் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் இரண்டு விஷயங்களில் மாறுபடுகிறேன்.

முதலாவது, நடைமுறை. நான் கிரீன் கார்டு பெற்றவன். பல ரேஞ்சுகளுக்குப் போயிருக்கிறேன். வாரந்தோறும் விசாவில் இருப்பவர்கள் அங்கே சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், காதுக்கவசமும் கண்ணாடியும் கொடுக்கிறார்கள், உள்ளே விடுகிறார்கள். வேறு குற்றம் எதுவும் இல்லாத ஒரு மென்பொருள் ஊழியரைத் தேடிப் பிடித்து வழக்குத் தொடுக்க ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களுக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது, உரிமை. அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தனிமனிதருக்கே ஆயுத உரிமை தருகிறது என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022இல் புரூவன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்றது. சட்டப்படி வந்து, சட்டப்படி வேலை செய்யும் ஒருவருக்கு முழுத்தடை விதிப்பது இந்த அளவுகோலில் நிற்குமா? இந்தச் சட்டம் நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.

ஹூஸ்டன் ராமநாதன் (பதில்)

செல்வம் அவர்களே, சட்டம் நியாயமற்றது என்ற உங்கள் கருத்தை நான் மதிக்கிறேன். எச்-1பி வரிசையில் முதுமையை எட்டிப் பார்க்கும் மனிதர்களுக்கும் மூன்று வாரச் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரே விதி என்பது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைப்பதற்கு முதலில் கைதாக வேண்டும். டெக்சஸ் அடங்கிய ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிய அனுமதியின்றி நாட்டில் இருப்போர் மீதான தடை செல்லும் என்று 2011இல் தீர்ப்பளித்தது. புரூவனுக்கும், குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் மீதான துப்பாக்கித் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் அளித்த ரஹிமி தீர்ப்புக்கும் பிறகும் அதே நிலைப்பாட்டை 2024இல் மீண்டும் உறுதி செய்தது. சிகாகோ அடங்கிய ஏழாம் வட்டார நீதிமன்றம் 2015இல், அத்தகையவருக்கும் இரண்டாம் திருத்தத்தின் பாதுகாப்பு ஓரளவு உண்டு என்று ஏற்றுக்கொண்டபோதிலும், தடையைச் செல்லும் என்றே கூறியது. அவை விசாவில் இருப்பவர்களைப் பற்றிய வழக்குகள் அல்ல என்பது உண்மை. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. அந்த வாதத்துக்காகத் தம் வேலையையும் குடும்பத்தையும் பணயம் வைக்கும்படி முகம் தெரியாத ஒருவருக்கு நாம் சொல்லக் கூடாது.

நடைமுறை பற்றியும் சொல்ல வேண்டும். ரேஞ்சில் தரும் படிவத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். "ஃபெடரல் சட்டத்தின்படி எனக்குத் தடை இல்லை" என்ற பொருளில் ஒரு வரி பல படிவங்களில் இருக்கும். வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் இருப்பவர்கள் அவசரப்படுத்த, டேப்லெட்டின் திரையில் விரலால் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். பிற்பாடு அரசு தரப்பு அந்தப் படிவத்தைச் சான்றாக நீட்டும்போதுதான் அதன் கனம் தெரியும். அதிகாரிகள் ரேஞ்சுக்கு வந்து விசாவைச் சோதிப்பதில்லை என்பதும் சரிதான். இந்த வழக்குகள் பெரும்பாலும் வேறெங்கோ தொடங்குகின்றன: பக்கத்து வீட்டோடு தகராறு, கணவன் மனைவி சண்டையில் வந்த போலீஸ், சாலையில் நிறுத்திய கார். துப்பாக்கியோ தோட்டாவோ அதன்பின் கண்ணில் படுகிறது.

தோட்டா என்று சொன்னதை யாரும் மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டாம். 922 ஜி துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை. தோட்டாவையும் சேர்த்தே சொல்கிறது. ரேஞ்சிலிருந்து நினைவுப் பொருளாக ஒரே ஒரு சுடாத தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அது தனிக் குற்றம். "மாநிலத்துக்குள்ளேயே நடந்ததற்கு ஃபெடரல் அரசு எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. அந்தத் துப்பாக்கி என்றைக்காவது ஒருமுறை மாநில எல்லையைத் தாண்டியிருந்தாலே போதும் என்று 1977இல் ஸ்கார்பரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஆஸ்திரியாவில் செய்த கிளாக் துப்பாக்கி டெக்சஸில் இருந்தால், அது எல்லை தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்?

இப்போது வேட்டை உரிமம். அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு, அவர் விசாவில் வந்தவரானாலும், இந்தத் தடை பொருந்தாது என்று 922ஆம் பிரிவின் 'ஒய்' உட்பிரிவே விலக்களிக்கிறது. வெளிநாட்டு அரசுப் பிரதிநிதிகளுக்கும், வேட்டைக்காகவோ விளையாட்டுக்காகவோ அனுமதிக்கப்பட்டு வருவோருக்கும் விலக்கு உண்டு. அட்டர்னி ஜெனரலிடம் மனுச் செய்து விலக்குப் பெறும் வழியும் ஏட்டில் உண்டு, சாதாரண ஊழியர்களுக்கு அது எட்டாது. நம்மவர்களுக்கு நடைமுறையில் பயன்படுவது வேட்டை உரிமம்தான். டெக்சஸில் அதை வனவிலங்குத் துறை வழங்குகிறது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டையாட வேண்டுமானால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் தேதி. டெக்சஸின் ஆண்டு வேட்டை உரிமம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லாது. எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். ஜூன் மாதம் உரிமம் வாங்கி, துப்பாக்கியும் வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டு, உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 காலையில் நீங்கள் எதுவும் செய்யாமலேயே ஃபெடரல் சட்டத்தின் தடைக்குள் வந்துவிடுகிறீர்கள். அதேபோல வேலை போய், சலுகைக் காலமும் முடிந்து, விசா நிலையை இழந்துவிட்டால், நீங்கள் ஐந்தாவது வகையின் முதல் பாதிக்குள் போய்விடுகிறீர்கள். அந்தப் பாதிக்கு வேட்டை உரிமம் எந்தப் பாதுகாப்பும் தராது. ஆட்குறைப்புச் செய்திகள் அன்றாடம் வரும் காலத்தில், வீட்டில் துப்பாக்கி வைக்க விரும்பும் எச்-1பி ஊழியர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது. இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ தனி அடையாள அட்டை தேவை என்பதையும் அங்கே வசிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

மலர்விழி_எடிசன் (பதில்)

பிளேனோ நண்பரின் இரண்டாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் அமெரிக்கக் குடிமகள். திருமணமானபோது என் கணவர் எச்-1பியில் இருந்தார். என்னிடம் முறைப்படி அனுமதி பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. அப்போது நாங்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து விளக்கம் கேட்டோம்.

துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமே அல்ல என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கையில் இல்லாவிட்டாலும், வேண்டும்போது எடுக்கும் வசதியும், அதைத் தம் கட்டுப்பாட்டில் வைக்கும் எண்ணமும் ஒருவருக்கு இருந்தால், அவர் அதை வைத்திருப்பதாகவே சட்டம் கொள்ளும். 2015இல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இந்த விளக்கத்தைத் திரும்பச் சொல்லியிருக்கிறது என்றும் எடுத்துக்காட்டினார். ஆக, ஒரே வீட்டில் இருப்பது மட்டும் குற்றமாகாது. ஆனால் பொது அறையில், பூட்டில்லாத இழுப்பறையில் கிடந்தால், "எனக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்று என் கணவர் சொல்வதை ஜூரி நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கள் வீட்டில் எண் பூட்டுப் போட்ட ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதில்தான் துப்பாக்கி. அதே பெட்டியில் எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகளும், தாலிக்கொடியும், மாமியார் கொடுத்த நகைகளும், வீட்டுப் பத்திரமும் இருந்தன. இருவருக்கும் எண் தெரியும். இதைக் கேட்டதும் வழக்கறிஞர் தலையை அசைத்தார். கடவுச்சீட்டை எடுக்க உங்கள் கணவர் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றார். அன்றே இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கித் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் மட்டும் அதற்குள் மாற்றினோம். அதன் எண் எனக்கு மட்டும் தெரியும். நான் வெளியூர் செல்லும்போதும் என் கணவர் அதைக் கேட்டதில்லை. காரில் கொண்டுபோக நேர்ந்தால் வண்டியில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுபோனேன். அவருக்குக் கிரீன் கார்டு வந்தபிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

உங்கள் அத்தை மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள். இழுப்பறை வேண்டவே வேண்டாம். தனிப் பூட்டுப் பெட்டி, சாவியோ எண்ணோ அவரிடம் மட்டும், அவர் அறைக்குள் மட்டும். அதுவும் சங்கடமாக இருந்தால், சில மாதங்களுக்கு வேறொரு குடிமக்கள் உறவினர் வீட்டில் வைக்கட்டும். உங்கள் மனைவிக்கும் இதே தடை இருக்கிறது என்பதால், "நான் ஊருக்குப் போகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா" என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவும் கூடாது. உறவு முறையில் நாம் மிக இயல்பாகச் செய்கிற காரியம் அது, அதனால்தான் பயப்படுகிறேன்.

ஹூஸ்டன் ராமநாதன் (பதில்)

சகோதரி மலர்விழி எழுதியதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. இதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். "உன் அத்தை மகன் பெயரில் ஒன்று வாங்கி நீ வைத்துக்கொள்" என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில், முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தம் மாமாவுக்காகக் கிளாக் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அந்த மாமாவுக்கோ துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. அப்படியிருந்தும், படிவத்தில் சொன்னது பொய் என்று தண்டனை உறுதியானது. தடை உள்ள ஒருவருக்காக வாங்குவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது.

பிளேனோவாசி (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தை மகனோடு நேற்றே பேசினேன்; அவர் வருத்தப்படவில்லை, டெண்டனில் இருக்கும் தம் தங்கை வீட்டில் பூட்டி வைப்பதாகச் சொல்லிவிட்டார். தங்கையும் குடிமகள்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. சென்ற ஆண்டு ரேஞ்சுக்குச் சென்று படம் பகிர்ந்த நண்பர்களில் ஒருவர் இந்தத் திரியைப் படித்துவிட்டு மிகவும் கலங்கிப்போயிருக்கிறார். அவரும் எச்-1பி, வேட்டை உரிமம் இருந்ததில்லை. குழுவிலிருந்து படத்தை நீக்கிவிடலாமா என்று கேட்கிறார். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பத்தை விரைவில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஹூஸ்டன் ராமநாதன் (பதில்)

அவரிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். முதலில், எதையும் அழிக்க வேண்டாம். ஃபெடரல் விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு பதிவுகளை அழிப்பது 20 ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க வேறொரு குற்றம். இருக்கும் சிறு ஆபத்தை அவரே பெரிதாக்கிக்கொள்ளக் கூடாது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு அரசு வழக்குத் தொடுப்பதற்கான பொதுவான காலவரம்பு ஐந்து ஆண்டுகள் என்பதையும் அவர் அறிந்திருப்பது நல்லது.

அடுத்து, இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவிலோ, இங்கேயோ, அலுவலகத்திலோ அவர் மேற்கொண்டு எழுதவும் பேசவும் வேண்டாம். எந்த அதிகாரியாவது தொடர்புகொண்டால், வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று பணிவாகச் சொல்லலாம். பயத்தில் பொய் சொல்வதுதான் ஆபத்து, ஃபெடரல் அதிகாரியிடம் சொல்லும் பொய்யே ஐந்து ஆண்டுகள் வரையிலான தண்டனைக்கு உரியது.

மூன்றாவதுதான் அவசரம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம், கைதாகவில்லை என்றாலும், வழக்கே பதிவாகவில்லை என்றாலும், எப்போதாவது குற்றம் புரிந்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. அதற்கு எப்படி விடையளிப்பது என்பதை நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் மட்டும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். அவர் நிறுவனத்தின் சார்பாகவும் செயல்படுபவர். குற்றவியல் சட்டமும் குடியேற்றச் சட்டமும் சேர்ந்து தெரிந்த ஒருவரைத் தம் சொந்தச் செலவில் அமர்த்தி, முழு உண்மையையும் அவரிடம் மறைக்காமல் சொல்லி, அதன்பிறகே படிவத்தில் கையெழுத்திடட்டும். அவர் கலங்குவதைப் புரிந்துகொள்கிறேன். தகுதியான வழக்கறிஞர் ஒருவரோடு பேசினால் தூக்கமாவது வரும்.

உங்கள் குழுவின் சந்திப்பையும் கைவிட வேண்டியதில்லை. காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் ரைஃபிள், வெடிமருந்தைப் பயன்படுத்தாததால், ஃபெடரல் சட்டத்தின் வரையறையில் துப்பாக்கி ஆகாது. வில்வித்தைக்கும் இந்தத் தடை கிடையாது. டாலஸ் வட்டாரத்தில் வில்வித்தைக் களங்கள் இருக்கின்றன. மேலாளரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்தச் சட்டம் தம்மையும் பிடிக்கும் என்று தெரிந்தால் அவரே முதலில் மாற்றுவார்.